முகத்தை மட்டும் மறைத்த படம்

திருவிழா மேடைகளில் ரெக்கார்டு டான்ஸ் ஆடுகிறேன். எங்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்த டைரக்டர் பெண்ணை இன்று அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் பார்த்தேன். இரண்டாவது படமும் எடுக்கப்போகிறாளாம்.

"மொதப் படத்துல ஏம்மா என் மூஞ்சிய மங்கலாக்கிட்ட?"

"உங்க பாதுகாப்புக்குத்தான்க்கா."

எனக்குப் புரியவில்லை. செந்துறைப் பக்கம் பேனரில் எல்லாம் இருக்கிற முகம் அது. என் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறார்.

"அன்னைக்குப் பூரா சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனேனே, அது எங்க போச்சு?"

"படத்தோட மூடுக்கு செட் ஆகலைக்கா."

"அப்ப என் இடுப்பு மட்டும் செட் ஆச்சா? அவ்ளோ கிட்டத்துல காட்டியிருக்க."

அவள் டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவ மரியாதையா எடுப்போம்க்கா. நீங்க மேக்கப் இல்லாம ஜன்னலோரமா சும்மா உக்காந்திருந்தா போதும்."

"ஆட வேணாமா?"

"வேணாங்க்கா."

யோசிச்சுச் சொல்றேன் என்று வந்துவிட்டேன். வேப்பந்தட்டை பஸ்ஸில் உட்கார்ந்து இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆட்டத்துக்கு அனுமதி கொடுக்கிற போலீஸ்கூட எங்களை இடுப்பைத்தான் மறைக்கச் சொல்லும். முகத்தை மறைக்கச் சொன்னதே இல்லை.

இதில் யார் எங்களை மதிக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.