இரவல் கைகள்

கண்ணாடிக் குடுவைக்குள் தெரிந்த அந்த இளஞ்சிவப்பு நிறம் இன்றும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஜார்ஜ் டவுனில் நாங்கள் படித்த ஆங்கிலப் பள்ளியின் ரசாயனக் கூடத்தில் அதைப் பார்த்தேன். நான் ரசாயனம் படித்தவன் அல்ல. சரித்திர வகுப்பு மாணவன். என் நண்பனால்தான் அந்த அறைக்குள் போனேன்.

அவனுடைய அப்பா குயின் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்தார். ஒரு விடுமுறையில் அந்த இயந்திரத்தின் வாரில் சிக்கி நண்பனின் வலது கை விரல்கள் போயின. காயம் ஆறி அவன் திரும்பி வந்தபோது பள்ளியே அவன்மேல் இரக்கப்பட்டது. அவன் பாதி எழுதிய பதிலுக்கும் முழு மார்க் விழுந்தது. நாளடைவில் அவன் புத்தகத்தைத் திறப்பதையே விட்டுவிட்டான்.

ஆண்டு இறுதியில் ரசாயனச் செய்முறைத் தேர்வு வந்தது. இரண்டு கைகளும் வேண்டிய வேலை அது. தலைமையாசிரியர், "அவனுக்குத் தேர்வு வேண்டாம், ஏதாவது மார்க் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். ரசாயன மாஸ்டர் மட்டும் சம்மதிக்கவில்லை. நண்பன் கோபத்தோடு அவரிடம் போனான். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன்.

"எல்லாரும் விட்டுட்டாங்க சார். நீங்க மட்டும் ஏன் சார் விடமாட்டேங்கிறீங்க? இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எப்படிச் செய்வேன்?"

"உனக்கு ரெண்டு கை நான் தர்றேன் தம்பி. நீ வாயால சொல்லு, அது செய்யும். சொல்லாததைச் செய்யாது" என்ற மாஸ்டர், என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு ரசாயனம் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நல்லதாப் போச்சு. நீதான் கை."

தேர்வு நாளன்று எங்களைத் தமிழிலேயே பேசிக்கொள்ள விட்டார். குடுவையில் நிறங்காட்டி விட்டு இளஞ்சிவப்பாக்கிய காரக் கரைசல், அதன்மேல் நின்ற, அடியில் திருகு வைத்த நீண்ட கண்ணாடிக் குழாயில் அமிலம். இளஞ்சிவப்பு மறையும் அந்தக் கடைசிச் சொட்டோடு நிறுத்த வேண்டும்.

"திற" என்றான் நண்பன். திறந்தேன், முழுதாக. அமிலம் கொட்டியது. நிறம் ஒரே நொடியில் போய்விட்டது.

"டேய்! அப்படியா திறக்கச் சொன்னேன்?"

"நீ சொன்னதைத்தான் அவன் செஞ்சான். மறுபடி ஆரம்பி" என்றார் மாஸ்டர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

நண்பன் என்னைக் குடுவையைக் கழுவிப் புதுக் கரைசல் ஊற்றச் சொன்னான். பிறகு அவன் பேசிய விதமே வேறாக இருந்தது.

"இடது கையால குழாயைக் கொஞ்சமாத் திற. சொட்டுச் சொட்டா விழணும். வலது கையால குடுவையைச் சுத்திக்கிட்டே இரு. நிறம் போயிப் போயி திரும்ப வரும், பயப்படாதே. காரம் இன்னும் மிச்சம் இருக்குன்னு அர்த்தம்… மெதுவா… மூடு. இப்ப ஒரு சொட்டு. இன்னும் ஒண்ணு."

நிறம் மறைந்தது. மறைந்தது ஏன் என்று எனக்கும் புரிந்திருந்தது. அடுத்த ஆண்டு முதல் மாஸ்டர் எல்லா மாணவர்களையும் இப்படி ஒருவர் சொல்ல ஒருவர் செய்யும்படி சோதித்தார். புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்கள் பலர் அங்கே 'திற', 'மூடு' என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் தடுமாறினார்கள். இப்போது என் பேரப்பிள்ளைகள் கொடுத்த நான்கு விடைகளில் ஒன்றுக்குக் குறியிட்டே தேர்வு எழுதுவதைப் பார்க்கும்போது அந்த முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

முடிவு வந்த அன்று நண்பன் தாளை ஆட்டிக்கொண்டு எங்கள் வகுப்புக்கு ஓடி வந்தான்.

"பாருடா, மாஸ்டர் மார்க் வெட்டிட்டாருலா!"

வெறுமனே 'திற' என்று சொன்னதற்காக வெட்டியிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. "அதான் ரெண்டாவது தடவை சரியாச் செஞ்சோமே. வா, போய்க் கேப்போம்" என்றேன்.

"வேணாம்டா" என்று அவன் சிரித்தான். "கை போனதிலேருந்து எனக்கு யாருமே மார்க் வெட்டலடா."

வீட்டுக்குப் போகும் வழி முழுதும் அந்தத் தாளை மடிக்காமல், எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டே வந்தான்.