ஜப்பானிய மொழி படிக்கச் சொன்ன அக்கா

இன்று காலை மட்டக்களப்பு பஸ்ஸில் நான் செய்தது சரியில்லை.

குருக்கள்மடத்தில் ஏறிய ஒரு தங்கச்சி பக்கத்தில் வந்து அமர்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, வெளிநாட்டு வேலைக்கு ஜப்பான் பாஷைதான் நல்லமெண்டு பேஸ்புக்கில எழுதினது நீங்கதானே? அதைப் பார்த்துத்தான் ஆறு மாசம் படிச்ச ஜெர்மன விட்டுட்டு இதுல சேர்ந்தன்."

"ஓம்" என்றேன். மடியில் இருந்த ஜெர்மன் புத்தகத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் பதிவை எழுதிய பிறகு நான் ஜப்பானிய வகுப்புக்குப் போனது நான்கே நாள். எழுத்துகளைப் பார்த்துப் பயந்து ஜெர்மனுக்கு மாறிவிட்டேன். அதை மட்டும் இங்கே எழுதவில்லை. நீங்கள் போட்ட லைக்குகள் அப்படி.

அவள் கொப்பியைத் திறந்தாள். பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள்.

"இந்த வரி சரியா எண்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கக்கா."

"கண்ணாடி கொண்டரல்ல தங்கச்சி."

நான் கண்ணாடி போடுவதே இல்லை.

"பரவால்லக்கா" என்று அவளே வாசித்துக் காட்டினாள். கல்லடிப் பாலம் வரும்வரை தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

நீங்கள் எல்லோரும் கமெண்டில் தமிழிலேயே திட்டலாம்.

தங்கச்சி, நீ மட்டும் ஜப்பானிய மொழியில் திட்டு. எனக்கு ஒன்றும் விளங்காது. உனக்குப் பயிற்சியாகவாவது இருக்கும்.