அப்சானாவின் ஊசிப் படிகம்

கழுவிக் கவிழ்த்திருந்த குடுவையை எடுத்து மறுபடியும் கழுவுகிறாள் அப்சானா. அதைக் கழுவி வைத்தவர் கோகுலகிருஷ்ணன், அதே ஆய்வகத்தில் மூத்த ஆராய்ச்சி மாணவர். "நீங்க கழுவுனது சரிதாண்ணே. என் மனசுக்காகக் கழுவுதேன்" என்பாள். கழுகுமலை பஸ்ஸில் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறவள், குடுவையையா நம்பிவிடப்போகிறாள்?

கோவில்பட்டிக் கல்லூரியில் அவளுடைய வேலை, மூலக்கூறுகளைக் கோத்துச் சங்கிலி செய்வது. பிளாஸ்டிக் பையிலும் இருப்பது அந்த மாதிரிச் சங்கிலிதான். நீளம் மட்டும் தாறுமாறு. இவளுக்கு எல்லாவற்றிலும் முப்பத்திரண்டு கண்ணி இருக்க வேண்டும். இரண்டும் இரண்டும் சேர்த்து நாலு, நாலும் நாலும் எட்டு என்று வளர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் சேராமல் நின்றுவிட்ட குட்டைச் சங்கிலிகளைப் பிரித்து வெளியேற்ற வேண்டும். "ஒரு குட்ட உள்ள நின்னாலும் அடுக்கே கெட்டுப்போவும்ணே. தீக்குச்சி அடுக்குதப்போ பாத்ததில்லையா?" மூன்றரை வருஷம் இப்படியே போய்விட்டது.

போன வாரம் கரைசலில் படிகம் விழுந்தது. எல்லாம் தூள். நடுவில் ஒன்றே ஒன்று ஊசியாக நீண்டிருந்தது. உள்ளே சங்கிலிகள் எப்படி மடிந்து அடுக்கடுக்காக இருக்கின்றன என்று பார்க்க, பெங்களூரில் எக்ஸ்ரே கருவிக்கு வெள்ளிக்கிழமை முறை கிடைத்தது. அந்தக் கருவிக்குத் தூள் உதவாது, முழுப் படிகம் வேண்டும். விட்டால் நாலு மாசம் ஆகும். ஆராய்ச்சியை முடிக்க அவளுக்குக் கொடுத்த காலமோ அடுத்த மாசத்தோடு முடிகிறது.

தூளில் கொஞ்சம் உருக்கிச் சோதித்தாள். சுத்தமாக இருந்தது. சந்தேகம் அப்போதுதான் பிடித்துக்கொண்டது.

"தூளு சரி சார். இது மட்டும் ஏன் இம்புட்டு அழகா வளரணும்? குட்டைங்க தனியாச் சேந்து வளந்திருந்தா?"

வழிகாட்டிப் பேராசிரியர் மந்திரமூர்த்திக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, நல்லது நடந்தா அதுக்கும் ஒரு விசாரணையா? பேசாம டப்பாவுல எடுத்து வையி. நாளைக்கு ரயிலேறு."

தலையாட்டினாள். அவர் வகுப்புக்குப் போனதும் ஊசியை மெல்லிய கண்ணாடிக் குழாயில் போட்டு, தெர்மாமீட்டரோடு எண்ணெய்க்குள் இறக்கிச் சூடேற்றினாள். குட்டை என்றால் தூளைவிடச் சீக்கிரமே உருகிவிடும். குட்டையோ நெட்டையோ, ஊசி உருகிவிட்டால் பெங்களூருக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அடுப்பை அணைக்கவில்லை.

தூள் உருகிய அதே டிகிரியில் ஊசி உருகித் துளியாயிற்று.

"சுத்தந்தானம்மா! போச்சே!" என்று கோகுலகிருஷ்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்சானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணெயிலிருந்து தெர்மாமீட்டரை உருவித் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, அவரிடம் கையை நீட்டினாள்.

"உங்க தெர்மாமீட்டரக் கொஞ்சம் தாங்கண்ணே."