வாரண்டியில் ஒரு பல்லி

தொண்ணூறுகளின் கடைசியில், மயிலாப்பூரிலேயே சொந்தமாக லேப்டாப் வைத்திருந்த ஒரே கல்யாணமாகாத பெண் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் மறுக்காததால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் தொழில். மற்ற டிடிபிக்காரர்கள் ப்ரூஃப் கொடுத்து, தப்புத் திருத்தி, மறுபடி ப்ரூஃப் கொடுத்து மனிதர்களை அலையவிடுவார்கள். நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய் சோபாவில் உட்கார்ந்து, விட்டுப்போன பெரியப்பாவை அவர் கண்ணெதிரே சேர்த்துவிட்டு வருவேன். லோன் போட்டு வாங்கிய மெஷின். ஒரு வருஷ வாரண்டி. வாங்கிய முதல் வாரமே அது வாயைத் திறந்தது.

த்ச், த்ச், த்ச்.

அசல் பல்லி. முதலில் நானும் சுவரைத்தான் பார்த்தேன். பிறகு மெஷின்மேல் காதை வைத்தால், இடது கைப்பக்கம் உள்ளேயிருந்து வந்தது. நாலு வரி அடித்துவிட்டு யோசிக்கலாம் என்று கையை எடுத்தால் போதும், த்ச். மணமகனின் தாத்தா பெயரில் சந்தி வருமா வராதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது த்ச். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்கே சண்டைக்குப் போகிறவள் நான்.

ஆனால் வாடிக்கையாளர்களுக்கு அந்தச் சத்தம் தேவாமிர்தமாக இருந்தது. ஒருவர் ஒன்றைச் சொல்லி முடிக்கும்போது பல்லி சொன்னால் அது பலித்துவிடும் என்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற நம்பிக்கை. உடனே விரலால் எதையாவது தட்டி அதை ஆமோதிக்க வேண்டும். தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பத்திரிகையைப் படித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு போற எடத்துல மகராசியா இருக்கணும்" என்று அவர் சொன்னதும் என் மடியிலிருந்து த்ச், த்ச், த்ச். மொத்தக் குடும்பமும் தட்டியது. டீப்பாய், சோபாக் கைப்பிடி, டெலிபோன், எது அகப்பட்டதோ அது. கைக்கு ஒன்றும் கிடைக்காத ஓர் அத்தை என் முழங்காலைத் தட்டினாள். இரண்டாவது பெண்ணின் பத்திரிகையும் எனக்கே என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வரன் பார்க்கவே ஆரம்பித்திருக்கவில்லை.

வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது, என் தலைதான் வெடித்தது. அடையாறில் இருந்த சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த இன்ஜினியர் என் வயதுப் பையன். கழுத்தில் டை, வாயில் சென்னை. மெஷினை பிளக்கில் செருகி, காதை வைத்துப் படுத்தேவிட்டான்.

"இன்னா மேடம், அரை மணியா காதை வச்சினு கீறேன். ஒண்ணுமே வர்ல."

"வீட்ல வருதே."

"வாரண்டில கீது மேடம், நான் இல்லன்னு சொல்லல. சத்தம் வந்தாத்தானே மாத்தித் தர முடியும்? நல்லா கீற மெஷினை எப்டி மாத்துறது?"

ஏசி வேறு அங்கே லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் இதே பாட்டு. வீட்டுக்கு வந்து, "சத்தமே இல்லைன்னு சொல்றான், செவிட்டுப் பய" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினேன். அதை அப்பா ஞாபகம் வைத்துக்கொள்வார் என்று எனக்கு அப்போது தெரியாது.

இதற்கிடையில் எனக்கென்று ஒரு விவகாரம் இருந்தது. ஊரார் பத்திரிகையெல்லாம் அடிக்கிறவளுக்குத் தன் பத்திரிகையை அடிக்க ஆசை இருக்காதா? மாப்பிள்ளையும் தயாராக இருந்தான். நந்தனத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தான். அங்கே டிடிபி படிக்கப் போன நான் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரே சிக்கல், கிளாஸ் ஆரம்பிப்பதற்காக அவன் பாங்க் வேலையை ராஜினாமா செய்திருந்தான். பாங்க் வேலையை யாராவது விடுவார்களா என்று அப்பாவுக்குப் புரியவே இல்லை. அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகம். அவரைப் பொறுத்தவரை ராஜினாமா என்பது ஒரு வியாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும், சாந்தோமில் டீச்சராக இருந்த அவன் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி, சிரிப்பு எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அவர்கள் போனதும் அப்பா ஈஸிசேரில் சாய்ந்தார். நான் பதைபதைப்பை மறைக்க ஹாலின் மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் அடிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பையன் நல்லவன்தான்" என்றார் அப்பா. "ஆனா இது சரிப்பட்டு வராதுன்னு தோணறது."

த்ச், த்ச், த்ச்.

அப்பா ஈஸிசேர்க் கையைத் தட்டினார். "கேட்டியோ? பல்லியே சொல்லிடுத்து."

"அப்பா, அது பல்லி இல்லை. இந்த லேப்டாப்."

"எந்த மெஷினாவது பல்லி மாதிரி கத்துமா? சத்தமே இல்லைன்னு சர்வீஸ்காரனே சொல்லிட்டான்னு நீதானே சொன்னே?"

அழுகை வந்தது. அழுகையோடு ஆத்திரமும் வந்ததால் சரியாக அழக்கூட முடியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா முடிவு சொன்ன பிறகு அம்மா வாதாடி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அப்பாவிடம் போய் நின்றேன். "நீங்களே என்னோட வாங்கோ. சத்தம் மெஷின்லேர்ந்து வந்தா உங்க பல்லி சொன்னது செல்லாது. வரலேன்னா நான் வாயைத் திறக்கலை." அப்பா நியாயமான மனிதர். ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மடியில் லேப்டாப்போடு பின்னால் உட்கார்ந்து, வழி நெடுக அதனிடம் கெஞ்சிக்கொண்டே போனேன். தயவுசெய்து கத்து, உனக்கு என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், கத்து.

அது கத்தவில்லை. இன்ஜினியர் பழையபடி பிளக்கில் செருகினான், பழையபடி காதை வைத்தான். அப்பாவும் தன் பங்குக்குக் குனிந்து காதை வைத்தார். ஒன்றுமில்லை. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதற்குத் திட்டியே இருக்கலாம். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் கரண்ட் போனது. ஊர் மெஷினையெல்லாம் பழுது பார்க்கும் அந்த இடத்தில் ஒரு யூபிஎஸ்கூட வேலை செய்யவில்லை. ஏசி நின்றது, லைட் நின்றது, ஹாலே அமைதியானது. என் லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "சார், நீங்க பெரியவரு, உங்களாண்ட பொய் சொல்லுவனா? இந்த மெஷின்ல சத்தமே கெடயாது."

த்ச், த்ச், த்ச்.

அவன் கூரையைப் பார்த்தான். கவுன்டரை விரலால் தட்டினான். "பாத்தீங்களா சார், பல்லியே சொல்லிச்சு." அப்பாவின் விரலும் பாதி தூரம் போய்விட்டது.

நான் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெஷினைச் சுட்டிக் காட்டினேன். அது என்னைக் கைவிடவில்லை, இன்னொரு தடவை சொன்னது. இன்ஜினியர் மெதுவாகக் குனிந்தான். "ஐய... இதானா அது?" பிளக்கில் இருந்தால் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கிறது, பேட்டரியில் இருந்தால்தான் அடிக்கடி நின்று நின்று இப்படிக் கத்துகிறது என்று அப்புறம் விளக்கினான். எங்கள் வீட்டு ஹாலில் இருந்த ஒரே பிளக் பாயின்ட்டில் டிவி இருந்ததால் நான் எப்போதும் பேட்டரியில்தான் வேலை செய்தேன். வாரண்டியில் புது டிஸ்க் போட்டுத் தருவதாக அவன் சொன்னான்.

அடையாறு பாலத்தின்மேல் காற்று முகத்தில் அடிக்க, அப்பா திரும்பாமல் சொன்னார்: "அப்போ பல்லி இன்னும் ஒண்ணும் சொல்லலை."

"சொல்லலைப்பா."

"சரி. இன்னொரு தரம் வரச் சொல்லு. என்ன சொல்றதுன்னு பார்ப்போம்."

எனக்கு ஸ்கூட்டரிலேயே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவனும் அவன் அம்மாவும் மறுபடி வந்தார்கள். லேப்டாப் புது டிஸ்க்கோடு ஊமையாக மேஜைமேல் இருந்தது. ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தோம். அம்மா காபி போட உள்ளே போயிருந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லை" என்றார். நிறுத்தினார். கண் மேலே போனது.

சுவரில் பல்லி இல்லை. டியூப்லைட் பின்னாலும் இல்லை. வேண்டாதபோதெல்லாம் கத்திய வீடு வாயே திறக்கவில்லை. அவன் அம்மாவுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியவில்லை, மரியாதைக்கு அவரும் கூரையைப் பார்த்தார். ஊமையாகிப்போன லேப்டாப்பைத் தூக்கி எறியலாமா என்று எனக்குத் தோன்றியது. "இருந்தாலும்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

த்ச், த்ச், த்ச்.

சமையலறையிலிருந்து இல்லை. நேர் எதிர் மூலையில், பாத்ரூம் பக்கமிருந்து வந்தது. கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் ஈரமாக, கடைசியில் ஒரு த்ச் கூடுதலாகவே வந்தது.

அப்பா ஈஸிசேர்க் கையைத் தட்டவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது, ஆள் இல்லை. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். எந்தக் கிழமையில் எந்தத் திசையிலிருந்து பல்லி சொன்னால் என்ன பலன் என்று அதில் ஒரு பக்கம் உண்டு. அதில் விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். அவர் மீசை துடித்தது.

"வெள்ளிக்கிழமைக்கு அந்தத் திசை ஒண்ணுதான் சுபம்" என்றார். "பஞ்சாங்கம் பார்த்துட்டுப் போய் நின்னிருக்கு."

அம்மா பாத்ரூம் பக்கமிருந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, யாரையும் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். காபித் தட்டோடு வெளியே வந்தபோது முகம் குழாயடியில் நிற்கிறவள் மாதிரி சாதாரணமாக இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

அப்பா மறுபடி உட்கார்ந்தார். ஈஸிசேர்க் கையை ஆற அமர மூன்று தட்டுத் தட்டினார்.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த ஆத்துல இருக்கற பல்லி" என்றார் அவன் அம்மாவிடம். "இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. அதுவே சொல்றதுன்னா முகூர்த்தம் பார்த்துடலாம்."

வந்தவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பதையே மறந்து, அம்மா முதல் டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள்.