பத்து நிமிடமும் பன்னீர்ச் செம்பும்

என்னிடம் நல்ல பட்டுச் சேலை இருக்கிறதா என்று கேட்டுத்தான் எங்கள் துறைத் தலைவி பேச்சைத் தொடங்கினார். மாநாட்டில் நான் பேசப்போவதைப் பற்றி ஏதோ சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து, மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போயிருந்தேன். கடைசிவரை அதைத் திறக்கவே இல்லை.

நான் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகர். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்கு வருகிறவர்களிடம் என்ன சாப்பிடலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று சொல்வது என் வேலை. அவர்களுக்குச் சிறுநீர் சரியாகப் பிரியாது. உள்ளே போகிற நீர் அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் உடம்பிலேயே தங்கிவிடும். அளவு மீறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், ஆளே போய்விடக்கூடும். அதனால் எல்லோர் கையிலும் ஒரு துண்டறிக்கை கொடுப்போம். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று தனித்தனியாக இருக்கும். தமிழில், ‘தண்ணீரை அளவோடு குடிக்கவும்’ என்று போட்டிருக்கும். குடிப்பதைப் பற்றி அந்த ஒரு வரிதான்.

பந்திங்கிலிருந்து ஓர் அங்கிள் வருவார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு முறையும் எடை ஏறி, படியேற முடியாமல் மூச்சிரைத்துக்கொண்டே வருவார். தாதியர் அவரை விட்டு வைக்கமாட்டார்கள்.

“பொய் சொல்லாதீங்க அங்கிள். தண்ணி குடிச்சீங்களா இல்லையா?”

“சத்தியமா குடிக்கல மிஸ்ஸி. மாத்திரைக்கு ஒரு வாய், அவ்வளவுதான்.”

யாரும் நம்பவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிற மனிதரை, மற்ற நோயாளிகள் பார்க்க, பொய்யர் என்று சொல்லிச் சொல்லி அவர் தலை நிமிர்ந்து பேசுவதையே விட்டுவிட்டார். ஒருநாள் அவர் மனைவியைத் தனியாக உட்கார வைத்து, காலையிலிருந்து அங்கிள் வாய்க்குள் என்னென்ன போகிறது என்று கேட்டேன். காலையில் கஞ்சி. மத்தியானம் சோற்றுக்கு ஊற்றியது போக ஒரு பெரிய கிளாஸ் ரசம். சாயங்காலம் தே, அதாவது தேநீர். ராத்திரி மறுபடியும் ரசம். படுக்கும் முன் மோர்.

“தண்ணி குடுக்காதீங்கன்னு சொன்னீங்க, ஒரு சொட்டு குடுக்கல மிஸ்ஸி. ரசந்தான் குடுக்கிறேன். ஒடம்புக்கு நல்லதுதானே?” என்றார் அந்த ஆன்டி.

இரண்டு பேரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நம் வீடுகளில் ரசம் தண்ணீர் கிடையாது, அது சாப்பாடு. உடம்பு சரியில்லாதவருக்கு மருந்தும் அதுதான். ஆள் எவ்வளவு தளர்கிறாரோ அவ்வளவு ரசம் வீட்டில் கூடும். அன்போடு ஊற்றி ஊற்றியே மூச்சை அடைத்துக்கொண்டிருந்தார்கள். கேரி தீவிலிருந்து வருகிறவர்களிடம் கேட்டேன், கிள்ளானிலேயே இருக்கிறவர்களிடம் கேட்டேன். வீட்டுக்கு வீடு இதே கதை.

இதை எழுதி அனுப்பினேன். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடக்கும் உணவியல் துறை மாநாட்டில் பேசப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கடைசி ஸ்லைடில் ஒரே ஒரு கோரிக்கை வைத்திருந்தேன்: தமிழ்த் துண்டறிக்கையில், ‘ரசம், கஞ்சி, மோர், தே எல்லாமே தண்ணீர்க் கணக்குதான்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். துண்டறிக்கையைத் தயாரிக்கும் குழு அந்த அரங்கில் முன்வரிசையில் உட்காரப் போகிறது. மற்ற ஸ்லைடுகள் எல்லாம் அந்தக் கடைசி ஸ்லைடுக்காகத்தான்.

துறைத் தலைவிக்கோ சேலைதான் முக்கியமாக இருந்தது.

“ரொம்ப டார்க் கலர் வேணாம், போட்டோல நல்லா வராது.”

“எதுக்கு மேடம் சேலை?”

“வரவேற்புக்கு லா. சீஃப் கெஸ்டா ஒரு டத்தோ வராரு. மூணு இனமும் வாசல்ல நிக்கணும். மலாய்க்கு பாஜு குரோங் போட ஆள் இருக்கு, சைனீஸுக்கு சியோங்சாம் போட ஆள் இருக்கு. சேலைக்கு நீ. பன்னீர் தெளிச்சு, சந்தனம் குடுத்து உள்ள கூட்டிட்டுப் போகணும்.”

இந்த நாட்டில் எந்த விழாவை எடுத்தாலும் இப்படித்தான். பள்ளியில் என்னை நிறுத்தினார்கள், பல்கலைக்கழகத்தில் நிறுத்தினார்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகும் நிறுத்தினார்கள். நான் தெளித்த பன்னீரில் கிள்ளான் ஆறே மணக்க வேண்டும். பாஜு குரோங் போட இருந்தவளும் என்னைப் போல ஒரு ஆய்வோடு வருகிறவள்தான். அவளையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் வரவேற்பு முடிந்த பிறகுதான் என் பேச்சு என்பதால், சரி தொலையட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, மகள் டத்தோவுக்குப் பன்னீர் தெளிக்கப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேசப் போகிறாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பழைய ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று சனிக்கிழமை என்னைக் கிளப்பி, ரயிலேற்றி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கே கூட்டிக்கொண்டு போனார். தெருவெல்லாம் பூக்கடை, எண்ணெயில் பொரியும் வடை வாசனை, ஒலிபெருக்கியில் பாட்டு. எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன்.

“அம்மா, நான் இங்கிலீஷ்ல பத்து நிமிஷம் பேசணும். வீட்டுக்குப் போனதும் நீ உக்காந்து கேக்கிறியா?”

“கேக்கிறேன்டி. மொதல்ல கை எவ்வளவு நீளம் வேணும்னு அக்காகிட்ட சொல்லு.”

தையல்கார அக்கா என் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி நாடாவால் அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் அசையக்கூடாது என்று அம்மாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். துறைத் தலைவி.

“ஒரு சின்ன சேஞ்ச். டத்தோ லேட்டாத்தான் வராராம். மொத செஷன் நடந்துக்கிட்டு இருக்கும்போது வருவாரு. உன் பேச்சு நேரம் லா அது. நீ வாசல்ல நில்லு, ஸ்லைட நான் படிச்சிடறேன்.”

கையை விரித்தபடியே கத்தினேன். “அது என் பேச்சு மேடம். வேற யாராவது பன்னீர் தெளிக்கட்டும்.”

“வேற யாரு இருக்கா? நம்ம டிபார்ட்மென்ட்ல நீ ஒருத்திதான் இண்டியன்.”

“நீங்களும்தானே மேடம்?”

தையல்கார அக்கா நாடாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எத்தனை வருஷம் தெளிச்சேன்னு தெரியுமா உனக்கு? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம தெளிச்சேன். அதனாலதான் இன்னிக்கு இந்தச் சீட்ல உக்காந்திருக்கேன். உனக்கு முடியாதுன்னா சொல்லு, பேப்பரை வித்ட்ரா பண்ணிடலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு இனத்துக்காரர் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக நாலு கேள்வி கேட்டிருப்பேன். என் மொழியிலேயே, எனக்கு நல்லது செய்கிற குரலில், தான் பட்டதை நானும் பட வேண்டும் என்று சொல்கிற ஒரு பெண்ணிடம் என்ன கேட்பது? அவர் மனதாரத்தான் சொன்னார். இத்தனை வருடம் வாசலில் நின்றதற்குக் கிடைத்த கூலி அந்த நாற்காலி என்று அவர் நம்பினார். அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஆனால் அடுத்த வருடம் என்றால், அடுத்த வருடம் வரைக்கும் ரசம் ஓடிக்கொண்டிருக்கும். டயாலிசிஸ் நாற்காலியில் மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு அத்தனை பொறுமை கிடையாது.

“கடைசி ஸ்லைட மட்டும் விட்டுடாதீங்க மேடம். மத்ததெல்லாம் எப்படி வேணும்னாலும் படிங்க.”

“ச்சே, அத விடுவேனா?” என்று சொல்லிப் போனை வைத்தார்.

“பெரியவங்கள எதுத்துப் பேசறியே” என்றார் அம்மா. தையல்கார அக்கா மட்டும், “கொஞ்சம் லூசா வச்சே தைக்கிறேன்மா, மூச்சாவது விடலாம்” என்றார்.

மாநாட்டுக்கு முதல் நாள் மாலை முழுக்க நான் தயாரித்தது எனக்காக இல்லை, அவருக்காக. எந்த ஸ்லைடில் எங்கே நிறுத்த வேண்டும், எதை வேகமாகத் தாண்டலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினேன். கடைசி ஸ்லைடின் எழுத்துகளைச் சிவப்பாக்கிப் பெரிதாக்கினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் வாசலில் நின்றேன். பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. பக்கத்தில் தட்டில் சந்தனம், கற்கண்டு. டத்தோ இன்னும் வரவில்லை. அரங்கத்தின் கதவு எனக்குப் பின்னால் சாத்தியிருந்தது. அதற்குள் என் பேச்சு என் குரல் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. ‘ரசம்’ என்ற சொல் மட்டும் மைக்கில் இரண்டொரு முறை காதில் விழுந்தது. உள்ளே சிரித்தார்கள். நான் சிரிப்பு வருகிற மாதிரி ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் கைத்தட்டல் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு துறைத் தலைவி அவசரமாக வெளியே வந்தார்.

“டத்தோ லிஃப்ட்ல வராராம், நேரத்தக் கட் பண்ணிட்டாங்க லா. கடைசி ஸ்லைட் போகல. ஆனா எல்லாரும் ரொம்ப இன்ட்ரஸ்டிங்னு சொன்னாங்க.”

அந்தச் செம்பை அப்படியே அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. “சிரி, சிரி” என்று என் முழங்கையை இடித்தார். டத்தோ வந்தார். தெளித்தேன். கேமரா மின்னியது.

சில மாதங்கள் கழித்து, புதிய துண்டறிக்கைகள் பெட்டியாக எங்கள் பிரிவுக்கு வந்தன. தாளும் பளபளப்பு, அச்சும் அழகு. தமிழ்ப் பிரதியின் முதல் பக்கம் முழுக்க நான்தான். பட்டுச் சேலையில், செம்பும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். தமிழ்த் துண்டறிக்கை என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்று மாநாட்டுப் படங்களிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். உள்ளே திருப்பினேன். ‘தண்ணீரை அளவோடு குடிக்கவும்.’ ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அன்று கேரி தீவிலிருந்து புதிதாக ஒரு நோயாளி வந்திருந்தார். அவர் மனைவி துண்டறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது நீங்கதானே மிஸ்ஸி? லட்சணமா இருக்கீங்க.”

அவர் மடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது. “அதுல என்னக்கா?” என்றேன்.

“ரசம் மிஸ்ஸி. தண்ணிதானே கூடாதுன்னு போட்டிருக்கு.”

மேசையிலிருந்து தடித்த மார்க்கர் பேனாவை எடுத்தேன். உள்ளே எங்கும் இடமில்லை, படமும் எழுத்துமாக நெருக்கியடித்திருந்தார்கள். முதல் பக்கத்தில்தான் இடம் இருந்தது. என் தோளில் தொடங்கி, சேலைமேல் இறங்கி, அந்தப் பன்னீர்ச் செம்பு மறையும்படி எழுதினேன்: ‘ரசமும் தண்ணீர்தான்.’ அந்த அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டுப் பிளாஸ்க்கைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கித் தன் காலுக்கடியில் வைத்துவிட்டார்.

பெட்டியை மேசைக்கு இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்து எழுத ஆரம்பித்தேன். அந்த வழியாக வந்த துறைத் தலைவி நின்று பார்த்தார்.

“அய்யோ, இவ்வளவு அழகான போட்டோவ ஏன் இப்படிக் கெடுக்கிற?”

நான் அடுத்ததை எடுத்தேன்.