அடுத்த தெருவில் சாப்பிட்டவன்

இந்தப் பத்தியில் நான் சினிமா விமர்சனம் எழுதியதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். திரைக்கதை, கேமரா கோணம் என்றெல்லாம் பேசினால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் போன ஞாயிறு நெய்வேலியில் ஒரு படம் பார்த்தேன்... அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

தியேட்டரில் இல்லை. டவுன்ஷிப்பில், ஒரு பிளாக்கின் சமூகக் கூடத்தில்.

படம் பார்க்க என்று நான் போகவும் இல்லை. நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில் ஏழுமலை என்று எனக்கு ஒரு நண்பன். ஒரு காலத்தில் இருவரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தோம். நிலக்கரி ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அள்ளிப் போட வேண்டும். ஒரே அறையில் எட்டுப் பேர். ஷிஃப்ட் மாறினால் பாயில் ஆளும் மாறும். கான்ட்ராக்ட் முடிந்ததும் நான் வேறு ஊர் பார்த்துக் கிளம்பிவிட்டேன். அவன் அங்கேயே தங்கி மைக்செட் வைத்துவிட்டான். இப்போது திரையும் புரொஜெக்டரும் சேர்ந்திருக்கின்றன.

"சும்மா உக்காந்துகினு தான இருக்க? வந்து பாக்ஸத் தூக்கு" என்றான். தூக்கினேன்.

படத்தை எடுத்தவள் யாழினி, கல்லூரி மாணவி. ஹீரோ அவளுடைய தம்பி பிரசன்னா, பிளஸ் ஒன். ஒரே வருடத்தில் தென்னங்கன்று மாதிரி உயர்ந்துவிட்டவன். உயரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், எப்போதும் தலையைக் குனிந்தே நடப்பான். யாராவது பேரைக் கேட்டால்கூட அக்காவைப் பார்ப்பான்.

கூட்டம் வர ஆரம்பித்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள் குளித்து, விபூதி வைத்து வந்தார்கள். நைட் ஷிஃப்ட் ஆட்கள் யூனிஃபார்மிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி, அக்கம்பக்கத்தாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க பிரசன்னா நடிச்ச படம்!"

அந்தக் குரலைக் கேட்டதும் பையன் திரும்பிப் பார்த்தான். நேராக எங்கள் மேஜைக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, ஸ்பீக்கர் வயரப் புடுங்கிடுங்கண்ணே."

"என்னாது? சவுண்டு இல்லாம படமா? எம் பேரு கெட்டுப்புடும்டா" என்றான் ஏழுமலை.

"அந்த ஆன்ட்டி வந்திருக்காங்கண்ணே. ஊருக்குப் போறேன்னு சொன்னாங்க... போகல."

"அவங்க பாத்தா என்ன?" என்று நான் கேட்டேன்.

பயம் வந்தால் பேசாதவனும் பேசுவான். கொட்டிவிட்டான். இந்தப் படக் கதை நிஜமாகவே அவனுக்கு நடந்ததாம். அவன் ஒன்பதாவது படித்தபோது, அவர்கள் வேறு பிளாக்கிலிருந்து இந்த பிளாக் குவார்ட்டர்ஸுக்கு மாறி வந்திருக்கிறார்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பார்த்தவர்களுக்குத் தெரியும் — அதே கேட், அதே ஜன்னல், அதே சுண்ணாம்பு நிறம். மாறின அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த இவன், தலையைக் குனிந்துகொண்டே அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குள் போய்விட்டான். பையைப் போட்டான். உட்கார்ந்தான். பார்த்தால், சாமானெல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கிறது! 'பரவால்லயே, அம்மா எல்லாத்தயும் எடுத்து வச்சிட்டாங்க போல' என்று நினைத்திருக்கிறான்.

அப்போது முன்னால் ஒரு தட்டு வந்தது. நிமிர்ந்தால், யாரோ ஒரு ஆன்ட்டி.

"சந்துரு ஃப்ரெண்டா? சாப்புடுப்பா."

'இது எங்க வீடு இல்லைங்க' என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டுவிட்டான்.

"அவங்க பையன் சந்துரு ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் என்னை அங்கிளுக்குத் தெரிஞ்ச வூட்டுப் பையன்னு நெனச்சிட்டான். அங்கிள் நைட் ஷிஃப்ட் பாத்துட்டுத் தூங்கிகினு இருந்தாரு. எந்திரிச்சவரு, வந்துட்டுப் போற பையன்தான்னு விட்டுட்டாரு. இப்ப வரைக்கும் அக்காவத் தவிர யாருக்கும் தெரியாதுண்ணே. தெரிஞ்சா அந்த வூட்டுக்கு இனிமே நான் எப்பிடிப் போவேன்?"

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரம் நான் திரையைப் பார்த்தேனா, பிரசன்னாவைப் பார்த்தேனா? இரண்டையும்தான். என்ன ஒரு படம்! தட்டில் இருப்பது குறையக் குறைய, மனசுக்குள் அவன் ஒத்திகை பார்க்கிறான் — 'ஆன்ட்டி, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு...' வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி விழுகிறது. கைகழுவப் போனவன் பாத்ரூமில் ஒளிந்துகொள்கிறான். வெளியே வந்தால் கேஸ் சிலிண்டரை மாற்றித் தரச் சொல்கிறார்கள், மாற்றுகிறான். கூடம் குலுங்கியது. முன்வரிசை ஆன்ட்டிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்கு ஒன்று தோன்றியது. நான் எத்தனையோ ஊர் வாசல்களில் நின்றவன். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் எனக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. சில வாசல்களில், பதில் சொன்ன பிறகும் வரவில்லை. இங்கே ஒருவனுக்குப் பதிலுக்குக் காத்திருக்காமலே சோறு விழுந்திருக்கிறதே!

சிலிண்டர் காட்சி முடியும்போது ஆன்ட்டியின் சிரிப்பு நின்றது. அதன் பிறகு அவர் சிரிக்கவே இல்லை. பிரசன்னா மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான்.

படத்தில் ஹீரோ ஒன்றும் சொல்லாமல் நழுவி, ஒவ்வொரு கேட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தன் வீட்டுக்கு ஓடுகிறான். அத்துடன் முடிந்தது. கைதட்டல், விசில்.

ஆன்ட்டி எழுந்தார். "பிரசன்னா! எங்கடா இருக்க? வா இங்க."

மேஜைக்கு அடியிலிருந்து பையன் வந்து நின்றான்.

"அது நம்ம வூடா?"

தலையை ஆட்டினான்.

"வாயத் தொறந்து சொல்லுடா."

"ஆமா ஆன்ட்டி. வூடு மாறி வந்துட்டேன். நீங்க சோறு போட்டுட்டீங்க... அதுக்கப்புறம் சொல்ல முடில."

வெளியே நைட் ஷிஃப்ட் பஸ் ஹார்ன் அடித்தது. கடைசி வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

"சரி, அன்னிக்கி வூடு மாறிப் போச்சு. மறுநாளும் வந்தியே, அன்னிக்கும் மாறிடுச்சா?"

படத்தில் இல்லாத கேள்வி. யாழினி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். தம்பியின் கதையில் ஒரு மறுநாள் உண்டு என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது.

பிரசன்னா இந்த முறை அக்காவைப் பார்க்கவில்லை.

"இல்ல ஆன்ட்டி. மறுநாள் தெரிஞ்சேதான் வந்தேன். அப்பா ஷிஃப்ட்டுக்குப் போயிடுவாரு. அம்மா வேலை முடிஞ்சு வர இருட்டிடும். அக்கா அப்பதான் ஹாஸ்டலுக்குப் போச்சு. எங்க வூட்ல யாரும் இருக்க மாட்டாங்க."

அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

போச்சு என்றுதான் நினைத்தேன். சட்டென்று ஆன்ட்டி யாழினி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா டைரக்டர், உன் படத்துல அந்தப் பொண்ணு இவனுக்கு என்னா போடுது?"

"உ... உப்புமா, ஆன்ட்டி."

"உப்புமாவா? பள்ளிக்கூடம் விட்டு வந்த புள்ளைக்கு நான் உப்புமாவா போட்டேன்? மீன் கொழம்புடி! சொல்லுடா, நீ சொல்லலையா?"

"மீன் வாங்க காசு இல்லன்னு அக்காதான் மாத்திடுச்சு ஆன்ட்டி."

கூடமே வெடித்துச் சிரித்தது. பஸ் ஹார்ன் மறுபடியும் கேட்டது. இப்போதுதான் கடைசி வரிசை எழுந்து ஓடியது, சிரித்துக்கொண்டே. ஏழுமலை கண்ணைத் துடைத்தான். புரொஜெக்டர் சூடு என்றான். நான் நம்பிவிட்டேன்.

பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, யாழினி தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆன்ட்டியிடம் போய், மறுநாள் சீனையும் எடுக்க வேண்டும், நீங்களே நடிப்பீர்களா என்று கேட்டாள். அவர் உடனே சரி என்றுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

ஷூட்டிங் முடிகிற வரை டைரக்டருக்கும் அந்த வீட்டில்தான் சாப்பாடு!