ஐந்து குழைகள்

பள்ளி விடுமுறையில் நுவரெலியா மலைகளைப் பார்த்துவிட்டு, முல்லைத்தீவுக் கடலுக்குக் காரில் போனோம். ஒட்டுசுட்டான் காட்டுக்குள் நுழையுமுன் யானை மறிக்காதிருக்கப் பிள்ளையாருக்கு ஆளுக்கொரு இலைக்குழை முறித்து மரத்தில் கொழுவுவது வழக்கம். அப்பா காரை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் திரும்பும்போது அந்த மரத்தடியிலேயே கார் கொதித்து நின்றது. இடக்கை முழங்கையோடு முடிந்த ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அண்டைக்கு நிக்காமல் போட்டியள், ஐயா. உங்களுக்கு நான்தான் குழை கொழுவினனான்."

"எங்களைத் தெரியாதே உமக்கு?" என்றார் அப்பா.

"தெரியாதுதான். யானைக் காடு. காருக்குள்ளை பிள்ளையளைக் கண்டாப் பிறகு சும்மா இருக்கேலுமே?"

அவர் காட்டிய கொப்பில் ஐந்து குழைகள் வாடித் தொங்கின. நாங்கள் ஐந்து பேர்.

கும்பிட்டறியாத அப்பா, அவருக்காக ஆறாவது குழையை முறித்துக் கொழுவினார். அவருடைய பெயரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.